கோதுமைக்கு வைத்த நேர்த்தி

என் வாழ்நாளில் நான் மிக அதிகமாகத் தொட்ட பொருள் எதுவென்று யாராவது கேட்டால், கோதுமை மா என்றுதான் சொல்லுவேன். தெல்லிப்பழைப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்றில் நிறுக்கிறவனாகச் சேர்ந்து, மனேச்சராகி, ஓய்வு பெறும்வரை ஊருக்கு மா நிறுத்துக் கொடுத்தவன் நான். யுத்த காலத்தில் நிவாரண மா வந்தபோது சாக்கு உதறி உதறித்தான் என் தலை நரைத்தது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள். அப்படிப்பட்ட எனக்கு, கோதுமை ஆகாது, ஆயுள் முழுக்க ஒரு துணுக்கும் வாயில் படக்கூடாது என்று கொழும்பில் ஒரு டொக்டர் சொன்னபோது, அவருக்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கோதுமைக்குள் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறதாம். சிலருடைய குடல் அதைப் பகையாளியாக நினைத்துச் சண்டைக்குப் போகும். சண்டையில் புண்ணாவது குடல்தான். மருந்து ஒன்றும் இல்லை. விலக்கி வைத்தால் குடல் தானாக ஆறும், திரும்பச் சாப்பிட்டால் திரும்பப் புண்ணாகும். இதைக் கேட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன். அப்போது நான் மெலிந்து, காற்சட்டை இடுப்பில் நிற்காத நிலையில் இருந்தேன்.

ஊர் இதை நம்பவில்லை. நீரிழிவை நம்பும், பிரஷரை நம்பும், செய்வினையைக்கூட நம்பும். கோதுமை மாவில் சுட்ட பாண் தின்றால் குடல் புண்ணாகும் என்பதை நம்பாது. "உது வெள்ளைக்காரருக்கு வாற வருத்தமெல்லே" என்றார் ஒருவர். "சங்கக் கடை மா பழி வாங்குது" என்றார் இன்னொருவர். அவருக்கு நான் ஒருகாலத்தில் மா நிறுக்கும்போது அவர் பக்கம் தராசைத் தட்டிவிடவில்லை என்ற கோபம் இன்னும் இருந்தது.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஊரின் நம்பிக்கை அல்ல, என் அக்காவின் நம்பிக்கை. அக்கா அடுத்த வளவில் தனியாக இருக்கிறார். அத்தான் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. என் இரவுச் சாப்பாடு சின்ன வயதிலிருந்தே அவருடைய குசினியில்தான். எனக்குக் கலியாணமான பிறகும் அது மாறவில்லை. என் மனைவி முதல் மாதம் அதற்காகக் கோபித்தாள், இரண்டாம் மாதத்திலிருந்து அவளும் கூடவே வந்து சாப்பிடத் தொடங்கினாள். அக்காவின் பிட்டு அப்படிப்பட்டது.

அந்தப் பிட்டில்தான் வில்லங்கமே இருந்தது. டொக்டர் சொன்னபடி பாணை விட்டேன், ரொட்டியை விட்டேன், கோதுமை மா கலக்கிற எங்கள் ஊர்த் தோசையைக்கூட விட்டேன். பிறகும் வயிற்றுக்குத்து நிற்கவில்லை.

"அக்கா, உந்தப் பிட்டுக்குள்ளை கோதுமை மா போட்டனீங்களோ?"

"சீச்சீ. தனி அரிசி மா."

சாப்பிட்டேன். காலையில் சுருண்டு கிடந்தேன். அடுத்த கிழமையும் அதே கேள்வி, அதே பதில், அதே சுருளல். மூன்றாவது தடவை நான் குசினிக்குள் போய்க் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அக்கா வறுத்த அரிசி மாவைக் கொட்டினார். சுடுநீரை எடுத்தார். எடுக்கும் வழியில், பேசிக்கொண்டே, ஒரு தகரப் பேணிக்குள் கையை விட்டு இரண்டு பிடி வெள்ளை மாவை அள்ளி அதற்குள் போட்டார். கோயிலுக்குள் நுழையும்போது கை தானாகக் கும்பிடுமே, அந்த மாதிரி.

"உது என்ன அக்கா?"

"இதோ? இது பதத்துக்கு. அவிச்ச மா."

"அவிச்ச மா கோதுமைதானே?"

"அவிச்சு அரிச்சாப் பிறகு அதிலை என்ன கோதுமை கிடக்கு? உன்ரை வருத்தமெல்லாம் நீராவியிலை செத்துப்போம்."

யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்ட பிட்டைத் தனி அரிசி மா என்பதை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, அரித்து, பேணியில் வைத்திருப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அரிசி மா பிட்டானாலும் இடியப்பமானாலும் மெத்தென்று வர அதில் இரண்டு பிடி போடுவார்கள். போட்டுவிட்டு அதை மறந்துவிடுவார்கள். உப்புப் போட்டதால் அதை உப்புப் பிட்டு என்று யாராவது சொல்லுகிறார்களா?

நான் அன்றைக்குச் சாப்பிடாமல் எழும்பினேன். அக்காவின் முகம் கறுத்துப்போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து என்னோடு கதை இல்லை. "என்ரை கையாலை திண்டால் வயித்துக்குத்தாம். நஞ்சோ குடுத்தனான்?" என்று என் மனைவியிடம் கேட்டாராம். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் தண்ணீர்ச் செம்பைத் தொடாவிட்டால் காணிச் சண்டை என்று அர்த்தம், சாப்பாட்டை மறுத்தால் அதைவிட மோசம். எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. வேறு எங்கே போய்ச் சாப்பிடுவேன்?

வழி காட்டியது என் மனைவி. அவள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் வருத்தம் எண்டு சொன்னால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். கோயிலுக்கு நேர்த்தி எண்டு சொல்லுங்கோ."

அவள் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் வீடுகளில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. மீன் கிளறிய அகப்பை மறந்தும் பருப்புக்குள் போகாது. கந்தசஷ்டி வந்தால் மச்சச் சட்டி குசினியை விட்டே வெளியேறும், வீடு கழுவப்படும், விரதகாரருக்குத் தனி அடுப்பு எரியும். டொக்டர் எனக்குச் சொன்ன விதிகள் அத்தனையும் என் அக்காவுக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். காரணம் மட்டும்தான் பிழையாக இருந்தது. ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாமென்றால், ஒரு பொய் சொல்லி வயிற்றைக் காப்பாற்றக்கூடாதா?

அன்று பின்னேரம் அக்காவின் வாசற் படலையில் நின்று சொன்னேன். "அக்கா, நான் கீரிமலைச் சிவனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். இனிமேல் கோதுமை தொடமாட்டன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னத்துக்கு நேர்த்தி?"

"சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது."

அடுத்த நாள் அந்தக் குசினியைப் பார்த்திருக்க வேண்டும். புதுச் சட்டி, பிட்டு அவிக்கப் புது நீத்துப்பெட்டி, புது அரிதட்டு. தகரப் பேணியைக் காணவில்லை. பச்சையரிசியை ஊறவைத்து, இடிப்பித்து, இரண்டு தரம் அரித்து, அவித்ததைத் தேங்காய்ப்பால் தெளித்துத் திரும்ப அவித்து, அவிச்ச மா ஒரு துகளும் இல்லாமல் பழையபடி மெத்தென்ற பிட்டை அக்கா என் முன்னால் வைத்தார். சபைச் சாப்பாடுகளிலும் அக்கா முன்னே போய் "தம்பி நேர்த்திக்காரன்" என்று ஒரு வார்த்தை சொல்லுவார். எனக்குத் தனி இலை, தனி அகப்பை. சிவபெருமானைப் போல ஒரு ஸ்பெஷலிஸ்ட் டொக்டர் கொழும்பிலும் இல்லை. என் காற்சட்டை இடுப்பில் நின்றது, பிறகு இறுக்கத் தொடங்கியது.

அந்தக் காலத்தில்தான் அக்கா பாணை விட்டதும். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, ஏனென்றால் அக்கா பாணுக்கு அடிமை. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்ப முன்னமே படலையில் நிற்பார். சூட்டோடு வாங்கி, இடிச்ச சம்பலோடு சாப்பிட்டால்தான் அவருக்கு விடியும். திடீரென்று நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "சீனி வருத்தம்" என்றார். அவருடைய வயதில் யாருக்குத்தான் சீனி இல்லை?

இப்படி நாலைந்து வருசம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது, வெளிநாட்டிலிருக்கிற என் மகள் எங்களிருவருக்கும் கப்பலில் இடம் பதிந்துவிட்டாள். சென்னையில் புறப்பட்டு இலங்கையைத் தொட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பல். தெல்லிப்பழைக்காரன் ஒருவன் பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போய், அங்கே கப்பல் ஏறி, கடலெல்லாம் சுற்றி, தன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள காங்கேசன்துறையில் வந்து இறங்குவது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதென்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதற்கு இவ்வளவு பெரிய கப்பல் வேண்டுமென்று தெரியாது.

அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "காங்கேசன்துறைக்கு எண்டைக்கு வரும்?" சொன்னேன். கப்பல்காரர் பயணிகளைக் கீரிமலைக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்றும் சொன்னேன். "அப்ப நான் கோயிலுக்கு வாறன்" என்றார். தம்பியைக் கப்பலில் வந்தவனாகப் பார்க்க ஆசையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலின் சாப்பாட்டுக் கூடம் எங்கள் ஊர்க் கலியாண மண்டபம் மூன்றை அடக்கும். நுழைந்தவுடன் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மேற்பார்வையாளர் எங்களை நோக்கி வந்தார். தூத்துக்குடிக்காரர், நடுவயது, நல்ல மனிதர்.

"வணக்கம் சார். நீங்கதானே குளூட்டன் ஃப்ரீ?"

என் பெயர் அதுவல்ல என்று சொல்ல வாய்வரை வந்தது. ஓமென்று தலையாட்டினேன். மகள் முன்பே அறிவித்திருக்கிறாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எந்தச் சாமிக்கு என்று கேட்கவில்லை. கொஞ்சம் சாப்பிட்டால் என்ன செய்யும் என்று கேட்கவில்லை. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. ஊரில் சிவனைச் சாட்சிக்கு இழுத்து வாங்கிய மரியாதை, கடலில் ஒரு வார்த்தைக்குக் கிடைத்தது.

மரியாதை மட்டும்தான் கிடைத்தது என்பது பிறகுதான் விளங்கிற்று. மற்றவர்கள் வரிசையில் நின்று பரோட்டா, நான் ரொட்டி, நூடில்ஸ், கேக்கு என்று மலைமலையாக அள்ளிக்கொண்டு போக, நான் கதிரையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். பிறகு மூடி போட்ட ஒரு தட்டை இரண்டு பேர் கொண்டுவருவார்கள். மூடியைத் திறந்தால் நடுவில் ஒரு சின்னக் கொடி குத்தியிருக்கும். கொடியில் ஒரு கோதுமைக் கதிர், அதன் குறுக்கே ஒரு கோடு. கொடிக்குக் கீழே வெள்ளைச் சோறும் அவித்த கரட்டும். சாம்பார் கேட்டேன். பெருங்காயத்தில் கோதுமை மா கலப்பார்கள், ஆகவே கூடாது என்றார். குழம்பு கேட்டேன். எதைப் போட்டு இறுக்கினார்களோ சமையல்காரருக்கு நிச்சயமில்லை, ஆகவே கூடாது. நிச்சயமாகத் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான். அதை நிறையத் தந்தார்கள்.

எனக்கென்று ஒரு தனிப் பாணும் வந்தது. குளூட்டன் இல்லாத பாண். கடித்தேன். அதில் குளூட்டன் மட்டுமல்ல, வேறு எதுவுமே இல்லை.

எங்கள் மேசையில் ஒரு சென்னைத் தம்பதி. அந்த ஐயா கொடியைப் பார்த்த நேரத்திலிருந்து என்னை விடவில்லை. "எங்க மாமாவுக்கும் இதேதான் சார். மூலிகை சாப்பிட்டாரு, ஒரே மாசத்துல போயிடுச்சு" என்றார். மாமா போனாரா வருத்தம் போனதா என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் கடலில் போனாலும் ஊர் கூடவே வருகிறது.

என் மனைவி மட்டும் அந்த நாட்களை வீணாக்கவில்லை. எல்லா இனிப்பிலும் ஒரு துண்டு எடுத்துவந்து எனக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள். "உங்களுக்கும் சேத்துத்தான் சாப்பிடுறன்" என்றாள்.

"உமக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்" என்றேன். அவள் அதை உபசாரமாக எடுத்துக்கொண்டு இன்னொரு துண்டு எடுக்கப் போனாள்.

மேற்பார்வையாளர் உண்மையிலேயே எனக்காகக் கவலைப்பட்டார். "சார் சரியாவே சாப்பிடலை. வீட்ல என்ன சாப்பிடுவீங்க, சொல்லுங்க, செஞ்சு தர்றோம்" என்றார். அரிசி மாப் பிட்டு என்றேன். மறுநாள் காலையில், இரண்டு பேருக்குப் பதிலாக மூன்று பேர் அந்தத் தட்டைக் கொண்டுவந்தார்கள். பின்னால் வெள்ளைத் தொப்பியோடு சமையல்காரரும் நின்றார். பிட்டில் கொடி நேராக நின்றது. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், அக்காவின் பிட்டில் எந்தக் கொடியும் நேராக நிற்காது. வாயில் போட்டேன். கீரிமலைக் கடற்கரை மணல் மாதிரி இருந்தது. நாலு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாயிருக்கு" என்று சொல்லி, தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினேன்.

அவர்கள் போன பிறகும் நான் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவிச்ச மா இல்லாமல் பிட்டு இப்படித்தான் வரும். இதுதான் அதன் இயற்கை. அப்படியானால் இத்தனை வருசமாக அக்கா ஒவ்வொரு பொழுதும் இடித்து, அரித்து, பால் தெளித்து, திரும்ப அவித்து என் முன்னால் வைத்தது சும்மா வந்த மெத்து இல்லை. நான் அதை நேர்த்திக்காரனுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை என்று நினைத்து விழுங்கியிருக்கிறேன். அந்தக் காலையில் எனக்கு அக்காவின் குசினி நினைவு வந்து கண் கலங்கியது. பிட்டுக்காக அழுகிறேன் என்று என் மனைவி நினைத்திருப்பாள், பாதி அதுவும்தான்.

காங்கேசன்துறைக்கு வந்த அன்று மேல்தளத்தில் நின்று வெளிச்சவீட்டையும், மூடிக் கிடக்கும் சீமெந்துத் தொழிற்சாலையையும் பார்த்தோம். சென்னை ஐயா எங்களுக்கு யாழ்ப்பாணத்தைச் சுட்டிக்காட்டி விளக்கினார். இறங்கப் போகும்போது மேற்பார்வையாளர் ஓடிவந்து ஒரு பெட்டியை என் கையில் தந்தார். மத்தியானச் சாப்பாடு. மூடியில் ஒட்டுத்தாளும், அதன் மேலே அதே கொடியும்.

"சார், வெளியே எங்கயும் எதுவும் சாப்பிட்டுடாதீங்க. இந்த ஊர்ல யார் என்ன கலப்பாங்கன்னு நமக்குத் தெரியாது."

"அது உண்மைதான்" என்றேன். தகரப் பேணி என் கண்முன் வந்து போனது. இப்படியாக நான், கழுத்தில் கப்பல் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் வெளியூர்ச் சாப்பாட்டுப் பெட்டியோடு, சொந்த மண்ணில் உல்லாசப் பயணியாகக் கால் வைத்தேன்.

பஸ்ஸில் வழிகாட்டியாக வந்தவர் இளவாலைப் பக்கத்து ஆள். கீரிமலைக் கேணியின் தண்ணீர் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீராக ஊறுவதைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"ஐயா எந்த ஊர்?"

"தெல்லிப்பழை."

"அப்ப ஏனையா பஸ்ஸிலை வந்தனீங்கள்?"

"கப்பலிலை வந்தனான் தம்பி" என்றேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

அக்கா கோயில் வாசலில் நின்றார். பட்டுச்சேலை, ஈரத் தலைமுடி, காலடியில் இரண்டு பனையோலைப் பெட்டி. பட்டுச்சேலையைக் கண்டதுமே எனக்கு ஏதோ பிழைபட்டது. அக்கா அதைக் கலியாணவீட்டுக்குத்தான் உடுப்பார். செருப்பைக் கழற்றினேன். வழக்கப்படி எல்லாருடைய செருப்புக்கும் காவலாக வெளியே நிற்கலாம் என்று ஒதுங்கினேன். அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

குருக்கள் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்தார். அக்கா ஒரு பெட்டியைத் திறந்து கொடுத்தார், குருக்கள் அதைப் படைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். உள்ளே மோதகங்கள். பழுப்பில்லாத, இழுபட்டு மினுங்குகிற வெள்ளைத் தோல். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நான் எத்தனை சாக்கு நிறுத்தவன்.

"அக்கா, உது கோதுமை மா."

"ஓம். தனிக் கோதுமை மா. நேர்த்தி முடிக்கிறதெண்டால் விட்டதை வைச்சுத்தானே முடிக்க வேணும்."

"என்ரை நேர்த்தி இன்னும் முடியேல்லை, அக்கா."

அக்கா சிரித்தார். "உன்ரை நேர்த்தியோ? நீ கோயில் வாசலிலை செருப்புக்குக் காவல் நிக்கிறவன். நீ நேர்த்தி வைக்கிறதோ? நீ படலையிலை நிண்டு சொன்ன அண்டைக்கே எனக்குத் தெரியும், பொய்யெண்டு."

என் மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"சிவன்ரை பேரிலை பொய் சொல்லிப்போட்டாய். அது உனக்கு ஆகாது, தம்பி. ஏற்கெனவே எலும்பும் தோலுமாய்க் கிடந்தனீ. அதாலை நான் அடுத்த நாளே இஞ்சை வந்து, அந்த நேர்த்தியை என்ரை பேரிலை மாத்திப்போட்டன்."

"என்னெண்டு?"

"உன்ரை வருத்தம் மாறுமட்டும் நான் கோதுமை தொடுறேல்லை. மாறினால் கோதுமை மோதகம் படைச்சு, நீ முதல் தின்ன, பிறகு நான் தின்னுறது. அப்பிடித்தான் வைச்சனான்." என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். "இப்ப நல்லா உடம்பு வைச்சிட்டாய். ரத்தச் சோதினையும் நல்லாயிருக்கெண்டு உன்ரை பெண்சாதி சொன்னவள். மாறீட்டுதுதானே?"

சீனி வருத்தம் இல்லை. பாண் ஓட்டோ ஒவ்வொரு காலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு அந்தப் படலையைத் தாண்டிப் போயிருக்கிறது. என் அக்கா உள்ளே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மோதகம் என் கைக்கு வந்துவிட்டது. இன்னும் சூடு இருந்தது. மாறவில்லை, மாறவே மாறாது என்று உண்மையைச் சொன்னால், அக்கா சாகும்வரை பாண் தொடமாட்டார். அவர் அப்படிப்பட்டவர். மாறிவிட்டது என்று சொல்லி இதைக் கடித்தால், இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கப்பலில் கிடக்கலாம், அது பெரிதில்லை. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு, சுகமானவனுக்கு எதற்குத் தனிச் சட்டி? தகரப் பேணி திரும்பி வரும். ஒன்றில் அக்கா தன் பாணை இழப்பார், இல்லையென்றால் நான் என் அக்காவின் குசினியை இழப்பேன். இத்தனைக்கும் காரணம் நான் படலையில் நின்று விட்ட ஒரு புளுகு.

குருக்கள் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். கொழும்பு டொக்டர் சொன்னதை நான் முதல் தடவையாக எங்கள் பாஷையில் யோசித்தேன்.

"வருத்தம் மாறீட்டுது, அக்கா" என்றேன். "குடல் ஆறீட்டுதெண்டு டொக்டரே சொன்னவர். ஆனால் பத்தியம் இருக்கு."

"பத்தியமோ?"

"ஓம். ஆயுசுக்கும். பத்தியம் முறிச்சால் வருத்தம் திரும்பும்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இத்தனை வருசமும் இப்படிச் சொல்லியிருக்கலாம். வெளிநாட்டு வருத்தத்தை நம்பாத ஊர், நேர்த்திக்குப் பணியும் ஊர், பத்தியத்துக்கும் பணியும். பிள்ளைப்பெற்றவளின் பத்தியத்தை முறிக்க எங்கள் ஊரில் எந்தக் கொம்பனும் துணியமாட்டான். எனக்குத்தான் அது தோன்றவில்லை.

அக்கா குழம்பிப்போய்க் குருக்களைப் பார்த்தார். "ஐயா, தம்பி முதல் தின்னவேணுமெண்டெல்லோ வைச்சனான்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரிதான் இடம் கொடுத்தார். "பத்தியக்காரர் பிரசாதத்தைக் கண்ணிலை ஒத்தினால் திண்டதுக்குச் சமன், அம்மா. ஒத்திப்போட்டு உங்களுக்குக் குடுக்கட்டும்" என்றார்.

மோதகத்தைக் கண்ணில் ஒற்றினேன். வலது கண்ணில், இடது கண்ணில். பிறகு அக்காவின் வாயில் வைத்தேன். அவர் கடித்து, மெதுவாக, நீண்ட நேரம் மென்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, அதைத் துடைக்கவில்லை.

"உள்ளுக்குச் சக்கரை கூடிப்போச்சு" என்றார்.

பிறகு அக்கா செய்ததைத்தான் நான் மறக்கமாட்டேன். வெளியே வந்து நேரே குழாயடிக்குப் போனார். வாயைக் கொப்பளித்தார். கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். சேலையில் துடைக்காமல் உதறிக் காயவிட்டார். அதன் பிறகுதான் மற்றப் பெட்டியைத் தொட்டார். அதற்குள் அரிசி மாப் பிட்டும் நீர்வேலிக் கதலிப் பழமும் இருந்தன. நானும் அப்படியே கை கழுவி, மரநிழலில் உட்கார்ந்து நாலு நாள் பசியும் தீரச் சாப்பிட்டேன். கப்பல் பெட்டியை என் மனைவி திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள். கொடியை மட்டும் பிடுங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் காகத்துக்குப் போட்டோம். காகம் வெள்ளரித் துண்டை எடுத்துக்கொண்டு போனது, பாணை எடுக்கவில்லை.

கப்பலுக்குத் திரும்பியதும் மேற்பார்வையாளர் கேட்டார். "வெளியே எதுவும் சாப்பிடலையே சார்?"

"சாப்பிட்டனான். அக்கா தந்தவ."

அவர் முகம் வெளிறிவிட்டது. அன்று மாலை முழுக்க ஏதாவது சாட்டில் வந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். நான் உயிரோடு இருந்தது அவருக்கு நம்பமுடியாததாக இருந்தது.

இதெல்லாம் நடந்து ஒரு வருசத்துக்கு மேலாகிறது. அக்காவின் நேர்த்தி முடிந்துவிட்டது. பாண் ஓட்டோ பாட்டோடு திரும்பும்போது அவர் பழையபடி படலையில் நிற்கிறார். ஒரு றாத்தல் பாண் வாங்கி, சம்பலை ஒரு துண்டு வாழையிலையில் வைத்துக்கொண்டு, வெய்யிலோ மழையோ படலையில் நின்றபடியே சாப்பிடுகிறார். மிச்சத்தைத் தெரு நாய்க்குப் போட்டு, கிணற்றடியில் கைவாய் கழுவி, சேலையை உதறிவிட்டுத்தான் வளவுக்குள் நடக்கிறார். குசினியில் என் பிட்டுச் சட்டிக்குப் பக்கத்தில், கோதுமைக் கதிருக்குக் குறுக்கே கோடு போட்ட அந்தச் சின்னக் கொடி ஒரு சிரட்டையில் குத்தியிருக்கிறது.

"நேர்த்திதான் முடிஞ்சுதே அக்கா. உள்ளுக்கை கதிரையிலை இருந்து சாப்பிடுங்கோவன்" என்று எத்தனையோ தரம் சொல்லிப்பார்த்தேன்.

"பாண் உதிரும், தம்பி" என்கிறார்.